மூன்று மெஷின்களும் மாயாண்டியின் விலாவும்

வளைகுடாவில், அல் குசைஸ் கிடங்கில் மாயாண்டியின் நெஞ்சில் அடித்தது பேலட் டிராலியின் இரும்புக் கைப்பிடி. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. டைல்ஸ் பெட்டிகள் ஏற்றிய பலகைக்கு அடியில் டிராலியைச் செருகி, கைப்பிடியை அமுக்கிக்கொண்டிருந்தவன் கை வியர்வையில் வழுக்கியது. கைப்பிடி வில்லாக நிமிர்ந்து இடது விலாவில் இறங்கியது. பக்கத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள். சத்தத்தையும் கேட்டார்கள். காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடித்த மாதிரி இருந்தது என்றார் ஞானசிங்.

ஞானசிங் குமரிக் கடற்கரைக்காரர். முன்பு விசைப்படகில் போனவர், இப்போது இதே கிடங்கில் பெட்டி தூக்குகிறார். தொழிலாளர் கேம்ப் அறையில் மாயாண்டியின் கட்டிலுக்குக் கீழ்க் கட்டில் அவருடையது. இந்தி, மலையாளம், கொஞ்சம் அரபி எல்லாம் பேசுவார் என்பதால், அறையில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அவர்தான் ஆஸ்பத்திரிக்குத் துணை.

ஃபோர்மேன் ஜெயசீலன் வந்து பார்த்தார். மாயாண்டி தரையில் உட்கார்ந்து பாதி மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தான். முழு மூச்சு விட்டால் உள்ளே எதுவோ குத்தியது.

"நான் என்ன கல்நெஞ்சுக்காரனா?" என்றார் ஜெயசீலன். "கம்பெனி ஆஸ்பத்திரிக்குப் போ. ரெஸ்ட் சிலிப் வாங்கிட்டு வா. எலும்பு கூடுற வரைக்கும் கேட்ல நாற்காலி போட்டு உக்கார வைக்கிறேன். சிலிப் இல்ல, மாஃபின்னா ரெஸ்ட்டும் மாஃபி. பெட்டி தூக்கணும்."

ஆக மாயாண்டிக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். விலா ஒடிந்திருக்கிறது, தூக்கக் கூடாது என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும்.

எக்ஸ்ரே எடுப்பார்கள் என்று தெரிந்ததும் அறை பரபரப்பானது. வளைகுடாவில் கூலிக்கு வந்தவனுக்கு எக்ஸ்ரே என்றால் ஒன்றே ஒன்றுதான்: விசா மெடிக்கல். நெஞ்சுப் படத்தில் ஒரு கறை தெரிந்தால் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். அதற்கென்று கேம்ப்பில் ஒரு வைத்தியமே இருக்கிறது. முந்தின நாளே பீடியை நிறுத்த வேண்டும். பால், தேன், வாழைப்பழம், மறுபடியும் பால். ஆளாளுக்கு வாங்கி வந்து ஊட்டினார்கள். விழுங்கும்போதெல்லாம் வலித்தது. ஆனாலும் மாயாண்டி ஒரு சொட்டு விடாமல் குடித்தான். படம் சுத்தமாக வர வேண்டுமே.

வந்தது. கவுன்ட்டரில் இருந்த நர்ஸ் அற்புதராணி காகிதத்தைப் பார்த்து, "எக்ஸ்ரே க்ளியர்" என்றாள். மாயாண்டி கையெடுத்துக் கும்பிட்டான். ஊரில் இருக்கும் மனைவி வடிவுக்கு உடனே போன் போட்டு, "நான் பாஸாயிட்டேன் புள்ள" என்றான்.

"லேய்," என்றார் ஞானசிங். "நீ எதுக்குடே இளிக்க? இன்னைக்கு ஃபெயிலாயிருந்தாத்தான் உனக்க பொழப்பு நடக்கும். எலும்பு ஒடையலன்னு எழுதியிருக்கான்."

மாயாண்டிக்கு அப்போதுதான் உறைத்தது. "ஒடைஞ்சிருக்குண்ணே. தொட்டா நறநறங்குது."

ஞானசிங் அற்புதராணியிடம் போனார். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துக் கடற்கரை ஊர். அவள் எழுந்து போய் எக்ஸ்ரே டாக்டரிடம் கேட்டாள். அவர் வெளியே வந்தார். வாசனைத் திரவியம் அவருக்கு முன்னால் வந்தது. மாயாண்டியைப் பார்க்காமல், அவனுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசினார். அற்புதராணி தமிழில் சொன்னாள்.

"எக்ஸ்ரேங்கிறது நுரையீரலைப் பாக்கதுக்கு உள்ளதாம். விலா எலும்பு குறுக்கே வந்து மறைக்குமாம். மறைக்கதுக்கு வந்தவனைப் போய் உத்துப் பாக்கணுமான்னு கேக்குகாங்க."

"அப்ப யாரு பாப்பா?" என்றார் ஞானசிங்.

அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது. அது நடைபாதையில் போய்க்கொண்டிருந்த ஸ்கேன் டாக்டரம்மாவின் காதில் விழுந்துவிட்டது.

டாக்டரம்மா மாயாண்டியை அப்படியே உள்ளே கூட்டிப்போனார். குளிர்ந்த கூழைப் பிதுக்கி நெஞ்சில் பூசினார். வலிக்கிற இடம் எது என்று கேட்டார். மாயாண்டி காட்டினான். சரியாக அந்த இடத்தில் ஸ்கேன் குமிழை வைத்து, மாவு பிசைகிற மாதிரி அழுத்தினார். மாயாண்டிக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. டாக்டரம்மாவின் கண்ணிலும் தண்ணீர். திரையில் எலும்பின் வெள்ளைக் கோடு ஓரிடத்தில் விட்டுப் போயிருந்தது.

"இத்தனை வருடம் எங்களைக் கர்ப்பிணிகளின் வயிற்றை மட்டும் பார்க்க விட்டார்கள்," என்றார். "இன்று முதல் எலும்பும் எங்களுடையது."

பயிற்சிக்கு வந்திருந்த பெண்களைக் கூப்பிட்டார். ஒவ்வொருத்தியாக வந்து அழுத்திப் பார்த்தாள். அழுத்தியவள் அடுத்தவளிடம் குமிழைக் கொடுத்துவிட்டு மாயாண்டிக்கு வாழ்த்துச் சொன்னாள். எல்லாம் முடிந்ததும் கூழைத் துடைக்க மறந்து போட்டோ எடுத்துக்கொள்ளப் போய்விட்டார்கள். அவன் சட்டையில்லாமல் ஏசிக் குளிரில் நடுங்கிக்கொண்டு கிடந்தான். நடுங்கினால் இன்னும் வலித்தது. அற்புதராணிதான் வந்து துடைத்துவிட்டாள்.

"சிஸ்டர், இப்ப ரெஸ்ட் சிலிப் தருவாகளா?"

"ரெண்டு மெஷின் ரெண்டு விதமா சொல்லுதுல்லா அண்ணா. எது சரின்னு முடிவு பண்ணாம சிலிப் எழுத ஏலாதாம். தும்மலோ இருமலோ வந்தா ஒரு தலகாணியை நெஞ்சோட இறுக்கி அணைச்சுக்கிடுங்க. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்."

அந்த ஆஸ்பத்திரியில் மாயாண்டிக்குக் கிடைத்த வைத்தியம் அந்தத் தலையணை மட்டும்தான்.

எக்ஸ்ரே டாக்டருக்கும் ஸ்கேன் டாக்டரம்மாவுக்கும் வந்த தகராறு மெடிக்கல் டைரக்டர்வரை போனது. டைரக்டருக்கு ஆத்திரம் வரவில்லை, ஆனந்தம்தான் வந்தது. அடுத்த மாதம் ஆஸ்பத்திரியின் ஆண்டு மாநாடு. அதில் வாசிக்க ஒன்றும் அகப்படாமல் அவர் தவித்துக்கொண்டிருந்தார். நெஞ்சில் லேசான அடிபட்டவர்களின் விலா முறிவைக் கண்டுபிடிக்க எந்த மெஷின் சிறந்தது என்று ஒப்பிட உடனே ஒரு குழு அமைத்தார். அடிபட்ட ஆள் ஒருவன் ஏற்கனவே கைவசம் இருந்தான். 'லேசான அடி' என்ற சொல்லை மாயாண்டிக்கு மொழிபெயர்த்தபோது அற்புதராணி தலையைக் குனிந்துகொண்டாள்.

மாயாண்டி பகலில் பெட்டி தூக்கினான். கூப்பிட்டபோது ஆஸ்பத்திரி வேனில் ஏறினான். படுத்தால் மூச்சு முட்டியதால் கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினான். குழு அவனுக்காக அல்ல, அவனை வைத்துத்தான் நடக்கிறது என்று அவனுக்குப் புரிய நாளானது. அவன் சிலிப்புக்காகத்தான் இத்தனை பெரியவர்கள் பாடுபடுகிறார்கள் என்று நினைத்து, போகிற இடமெல்லாம் கும்பிட்டான்.

ஒப்பீட்டுக்கு ஒரு விதி உண்டு. எந்தப் பக்கம் அடிபட்டது என்று படம் பார்க்கிற டாக்டருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் நேர்மை கெட்டுவிடும். அதனால் அவன் தன் நெஞ்சைத் தொடக் கூடாது, ஒரு பக்கம் சாயக் கூடாது, முக்கியமாக முனகக் கூடாது. இடது பக்கம் தொடும்போது முனகினால் இடது பக்கம்தான் என்று காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஒருமுறை அவனையறியாமல் "ஆத்தா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டான். அன்றைய சோதனை முழுவதும் செல்லாது என்று தள்ளி, மறுநாள் முதலிலிருந்து எடுத்தார்கள். புதிதாகக் கூழ் பூசினார்கள்.

"நேத்து கத்தினதுக்கு உங்க மேல வருத்தமா இருக்காங்க," என்றாள் அற்புதராணி. "இன்னைக்கு வலது பக்கம் தொட்டாலும் கொஞ்சம் முனகணுமாம். ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும்னு சொல்லுகாங்க."

மாயாண்டி முனகினான். வலிக்காத பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே முனகினான், மரியாதைக்கு.

பிறகு சி.டி. ஸ்கேன். பெரிய வெள்ளை வளையத்துக்குள் கட்டிலோடு அவனை நுழைத்து எடுத்தார்கள். சி.டி. டாக்டர் இரண்டு விலாக்களில் முறிவு என்று எழுதினார். அதோடு சிறுநீரகத்தில் மணல், கல்லீரலில் ஒரு நீர்க்கட்டி, முதுகெலும்பில் தேய்மானம் என்று மாயாண்டி கேட்காத பலவற்றையும் எழுதியிருந்தார். "தேடியதைக் கண்டுபிடிப்பது சின்ன மெஷின்களின் வேலை," என்றார். "எங்கள் மெஷின் தேடாததையும் கண்டுபிடிக்கும். அதனால்தான் அதற்குத் தனிக் கட்டடம்."

குழு கூடியது. நீள மேசையில் பேரீச்சம்பழமும் பிஸ்தா மிட்டாயும் கஹ்வா காபியும் இருந்தன. மாயாண்டியை ஓரத்தில் நிற்க வைத்தார்கள். நாற்காலி இருந்தது. ஆனால் உட்காரும்போது முகம் சுளிப்பானாம், அது ஆய்வைப் பாதிக்குமாம்.

எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. ஸ்கேனில் ஒன்று. சி.டி.யில் இரண்டு. கணக்குத் தெரிந்த ஒருவர் சராசரி ஒன்று என்றார். அப்படியானால் ஸ்கேன் ஜெயித்ததாகுமே என்று மற்ற இரண்டு டாக்டர்களும் எழுந்தார்கள். இப்படி ஒரு ஒற்றுமை அதுவரை அவர்களுக்குள் வந்ததில்லை. வாயில் பேரீச்சம்பழத்தோடு கத்தினார்கள். கொட்டைகளைத் துப்பிவிட்டுக் கத்தினார்கள். ஒரு கொட்டை மாயாண்டியின் செருப்பருகே வந்து விழுந்தது.

"டாக்டர் சார்," என்று இந்தியில் ஆரம்பித்தார் துணைக்கு வந்திருந்த ஞானசிங். "எது ஜெயிச்சா இவனுக்கு என்ன வைத்தியம், எது தோத்தா என்ன வைத்தியம்? அதை மட்டும் சொல்லுங்க."

டைரக்டர் புன்னகைத்தார். எழுந்து நின்று பேசினார்.

"நல்ல கேள்வி. மூன்றிலும் வைத்தியம் ஒன்றுதான். வலி மாத்திரை, ஓய்வு, ஆழமாக மூச்சு விடுவது. இது உலகத்தில் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததில் ஆய்வுக்கு என்ன இருக்கிறது? ஆகவே இந்த அறையில் வைத்தியத்தைப் பற்றி யாரும் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நண்பர்களே, நோயாளி என்பவர் யார்? மூன்று மெஷின்களுக்கு இடையே உள்ள ஒரு கருத்து வேறுபாடு. அந்த வேறுபாடு தீரும்வரை அவருக்கு நோய் இருப்பதாகச் சொல்வது அவசரம்."

எல்லோரும் கை தட்டினார்கள். அற்புதராணி இதைத் தமிழில் சொல்லவில்லை. மாயாண்டி கேட்டதற்கு, "பாத்துக்கிட்டிருக்காங்களாம்" என்றாள்.

"எனக்கு வலிக்குதுன்னு சொன்னீகளா சிஸ்டர்?"

"சொன்னேன் அண்ணா. ஆள் சொல்லுகது கணக்குல சேராதாம். மெஷின் சொல்லணும்."

அப்போது கணக்குத் தெரிந்தவருக்கு இன்னொன்று தோன்றியது. ஒப்பீடு என்றால் விலா முறியாத ஆள் ஒருவரையும் அதே மூன்று மெஷினிலும் பார்க்க வேண்டாமா? எல்லோரும் அறையைச் சுற்றிப் பார்த்தார்கள். தேக்குக் கட்டை மாதிரி நெஞ்சோடு ஞானசிங் நின்றார்.

"எனக்கு ஒரு எளவும் இல்ல," என்றார் அவர்.

"அதனால்தான்," என்றார் டைரக்டர்.

நண்பனுக்குச் சிலிப் சீக்கிரம் கிடைக்கும் என்றதால் ஞானசிங் சட்டையைக் கழற்றினார்.

எக்ஸ்ரே டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்தார். பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். வலது விலாவில், படிக்காதவனுக்குக்கூடத் தெரிகிற மாதிரி, கொழுக்கட்டை அளவு ஒரு முடிச்சு. ஸ்கேனிலும் அது தெரிந்தது. சி.டி.யில் அச்சில் வார்த்த மாதிரி தெரிந்தது.

"அது பழசு சார்," என்றார் ஞானசிங். "படகுல வலை இழுக்க உள்ள வின்ச்சு அடிச்சு ஒடைஞ்சது. எனக்க மூத்தவ ஷாஜினி பொறக்கதுக்கு முன்ன. அப்பவே கூடிப்போச்சு. கூடின முடிச்சுதான் இது."

"பழசா புதுசா என்பது நம் ஆய்வின் கேள்வி இல்லை," என்றார் எக்ஸ்ரே டாக்டர். "முறிவு உண்டா இல்லையா என்பதுதான் கேள்வி. உண்டு."

"உண்டு," என்றார் ஸ்கேன் டாக்டரம்மா.

"உண்டு," என்றார் சி.டி. டாக்டர்.

மூன்று மெஷின்களும் ஒத்துப்போனது அந்த ஆஸ்பத்திரியின் வரலாற்றில் அதுதான் முதல் தடவை. டாக்டர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கேக் வந்தது. கேக்கின் மேல் வெள்ளைக் கிரீமில் விலா எலும்புகள் வரையப்பட்டிருந்தன. ஆளுக்கொரு எலும்பாக வெட்டித் தின்று விரலை நக்கினார்கள். மாயாண்டிக்கும் ஒரு துண்டு நீட்டினார்கள். விழுங்கினால் விலா குத்தும் என்பதால் கும்பிட்டு மறுத்தான்.

அன்றே தீர்மானம் எழுதினார்கள். மூன்று மெஷினும் சம்மதித்தால்தான் முறிவு. சம்மதிக்காவிட்டால் சந்தேகத்தின் பலன் மெஷினுக்கு. ஆக ஞானசிங்குக்கு ரெஸ்ட் சிலிப், மாயாண்டிக்கு ஃபிட் சர்டிஃபிகேட்.

கிடங்கில் ஜெயசீலன் இரண்டு காகிதங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "என்னய்யா, அடி அவனுக்குப் பட்டுச்சு, எலும்பு உனக்கு ஒடைஞ்சிருக்கு?"

"மேஸ்திரி, கிண்டல் பண்ணாதயும். நான் தூக்குகேன். அவனை உக்கார வையும்."

"எனக்குத் தெரியாதா? கண்ணால பாத்தவன்தானே நானும். ஆனா மேல இருந்து கேட்டா நான் காகிதத்தைத்தான் காட்டணும். நீ கேட்ல உக்காரு. மாயாண்டி, இவன் பங்கையும் சேத்துத் தூக்கு. யல்லா, சீக்கிரம்."

ஞானசிங் கேட்டில் நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டார். மாயாண்டி இரண்டு பேர் பெட்டிகளையும் தூக்கினான். ஒருநாள் பொறுக்க முடியாமல் ஞானசிங் எழுந்து ஓடிவந்து அவன் கையிலிருந்து பெட்டியைப் பிடுங்கினார். சேஃப்டி ஆபீஸர் பார்த்துவிட்டார். முறிந்த விலாவோடு பாரம் தூக்கியதற்கு ஞானசிங்குக்கு எச்சரிக்கை. நோயாளியைத் தூக்க விட்டதற்கு மாயாண்டிக்கும் எச்சரிக்கை.

இனி இந்தச் சிலிப்பே வேண்டாம் என்று ஞானசிங் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனார். எலும்பு கூடிவிட்டது, ஃபிட் என்று எழுதுங்கள் என்றார். அதெப்படி வாயால் சொன்னால் போதுமா? மறுபடியும் மூன்று மெஷின்களிலும் ஏற்றினார்கள். முடிச்சு இருந்த இடத்தில் இருந்தது. பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து டாக்டர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள்.

"கொஞ்சம்கூட ஆறவில்லை," என்றார் எக்ஸ்ரே டாக்டர். "அப்படியே இருக்கிறது."

"ஆறுகதுக்கு என்ன சார் இருக்கு, அது ஆறி முடிஞ்சு வருஷம் எத்தனையாச்சு?"

"பாவம், மனதளவில் ஏற்க மறுக்கிறார்," என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

பிறகும் ஒருமுறை எடுத்தார்கள். அப்போதும் ஆறவில்லை. ஆறாத முறிவுள்ள ஒருவனைக் கூலி வேலைக்கு வைத்திருப்பது மனிதத்தன்மை இல்லை என்று டைரக்டர் தன் கையாலேயே கம்பெனிக்கு எழுதினார். மெடிக்கல் அன்ஃபிட். விசா ரத்து.

மாநாட்டில் டைரக்டர் பேசியபோது ஞானசிங்கை மேடையில் உட்கார வைத்திருந்தார்கள். மாயாண்டியைக் கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள், தேவைப்பட்டால் காட்டுவதற்கு.

"எங்கள் ஆய்வின் முடிவு இதுதான்," என்றார் டைரக்டர். "மூன்று கருவிகளுமே சிறந்தவை. எதையும் குறைத்து மதிப்பிட முடியாது. அடிபட்டு வந்த ஒருவரை, தேவையில்லாத ஓய்விலிருந்து காப்பாற்றினோம். அடிபடவே இல்லை என்று நம்பிக்கொண்டிருந்த ஒருவரின் முறிவைக் கண்டுபிடித்து, அவரைக் குடும்பத்திடம் சேர்க்கிறோம். இருவருமே எங்களிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. இருவருக்குமே செய்தோம்."

கைதட்டல் அடங்க நேரமானது. எக்ஸ்ரே டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்வரிசையில் மாயாண்டிக்குத் தும்மல் வந்தது. தலையணை கையில் இல்லை. இரண்டு கைகளாலும் தன்னையே இறுக்கிக் கட்டிக்கொண்டு தும்மினான். பக்கத்து இருக்கைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஞானசிங் ஊருக்குப் போகிற அன்று மத்தியானம் வெயில் தார்ச்சாலையை உருக்கிக்கொண்டிருந்தது. அவர் மகள் ஷாஜினி நர்ஸிங் இரண்டாம் வருடத்தில் இருந்தாள். அடுத்த வருட ஃபீஸுக்கு இனி சம்பளம் இல்லை. அன்ஃபிட் ஆனவரை விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில்தான் கொண்டுபோக வேண்டும், அதைத் தள்ளுகிறவன் மெடிக்கல் ஃபிட்டாக இருக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. கேம்ப்பில் யாருடைய சர்டிஃபிகேட் புதிது என்று பார்த்தார்கள். மாயாண்டியுடையது.

அட்டைப்பெட்டிகள் இரண்டையும் டாக்ஸியிலிருந்து அவன்தான் இறக்கினான். ஒன்றை ஞானசிங்கின் மடியில் வைத்தான், இன்னொன்றைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டான். கம்பெனி ஆள் ஒருவர் விதிப்படி அனுப்பியதற்குச் சாட்சியாகப் போனைப் பிடித்துப் படம் எடுத்தபடி பின்னாலேயே வந்தார். புறப்பாட்டு வாசலுக்குப் போகும் சரிவுப் பாதையில் நாற்காலி ஏறத் திணறியது. மாயாண்டி ஒவ்வொரு தள்ளுக்கும் நின்று நின்று பாதி மூச்சாக விட்டான்.

"லேய், நில்லு," என்றார் ஞானசிங் திரும்பிப் பார்க்காமல். "நான் எறங்கி நடக்கேன். நீ இதுல உக்காரு. நான் தள்ளுகேன்."

"அந்தாளு பாக்குறாண்ணே."

"பாத்தா பாக்கட்டும். என்னை இனி எங்க அனுப்பிருவான்?"

"என்னை அனுப்பிருவான்," என்றான் மாயாண்டி. "பேசாம உக்காருங்க. நீங்க அசைஞ்சா எனக்கு இங்ஙன குத்துது."

ஞானசிங் மடியிலிருந்த பெட்டியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, அசையாமல், நோயாளி மாதிரி உட்கார்ந்தார்.